பஞ்சுத் தேர்வு

ஆவடியில் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஒரு பெரியவரைப் பார்த்தேன். இன்ஜின் தொழிற்சாலையில் தரம் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பெஞ்சைக்கூடத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஞானப்பல்லை அறுத்து எடுத்ததிலிருந்து அவருக்குக் கீழுதட்டிலும் மோவாயிலும் ஒரு பாதி மரத்துக் கிடந்தது. நரம்பு அடிபட்டிருக்கிறதா என்று அறிய, டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் மோவாயைத் தொட்டார். தொடும்போதெல்லாம், “தெரியுது” என்ற அவர் குரல் கணீரென்று வெளியே கேட்டது.

ஜெயித்த முகத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். டீ மோவாயில் வழிந்து சட்டையில் சொட்டியது. அவர் கவனிக்கவே இல்லை.

“சார், டீ வழியுது. உணர்ச்சி வந்துடுச்சுன்னீங்களே?”

“எங்க வந்துச்சு? அந்தம்மா கைய நீட்டுறப்போ வளையல் சத்தம் கேக்குது. கண்ண மூடிகினா காதும் மூடிக்குமா?”

“ஐயோ, உள்ள போய் உண்மைய சொல்லுங்க. இப்பவே வைத்தியம் பார்த்தாதான் சரியாகும்.”

“இன்னா சார் நீ! எத்தினி இன்ஜின டெஸ்ட் பண்ணி அனுப்புனவன் நானு. என்னை ஒரு பஞ்சு பெயிலாக்குறதா?”

சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து மோவாயை அழுத்தித் துடைத்தார். நனையாத பக்கத்தை.