கீரமங்கலத்தில் கிடைத்த வெளிறிய கிழங்கு

மார்கழிக் காலை ஆறரை மணிக்கு, திருமயம் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் டவுன் பஸ் ஏறினேன். கையில் ஒரு சாக்குப்பையும் சின்னக் கத்தியும் இருந்தன.

அம்மாவும் நானும் குளியல் பொடி அரைத்து விற்கிறோம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் பாக்கெட்டில் என் பெயரையும், கீழே 'பி.எஸ்சி. தாவரவியல்' என்றும் அம்மா அச்சடிக்கச் சொன்னாள். போன மாதம் ஒரு கல்யாணப்பெண்ணின் முகத்தில் எங்கள் பொடி மஞ்சள் கறையாக ஒட்டிக்கொண்டது. பெண்ணின் அத்தை பாக்கெட்டை எங்கள் வாசலில் வீசிவிட்டு, "பி.எஸ்சி. படிச்ச மஞ்சள் இப்படித்தான் ஒட்டுமோ?" என்றாள். தெருவே கேட்டது.

கடையில் கஸ்தூரி மஞ்சள் என்று வாங்கிய கிழங்கை அன்றைக்குத்தான் ஒடித்துப் பார்த்தேன். உள்ளே பளீரென்ற மஞ்சள். அசல் கஸ்தூரி மஞ்சள் உள்ளே வெளிறியிருக்கும், கற்பூரம் போல மணக்கும், தோலில் நிறம் ஒட்டாது. இனி நாமே வளர்ப்பது என்று முடிவு செய்து விதைக்கிழங்கு தேடிக் கிளம்பினேன்.

புதுக்கோட்டையில் பஸ் மாறினேன். கீரமங்கலம் அங்கிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். பக்கத்தில் உட்கார்ந்த பூக்கார அம்மா விசாரித்துவிட்டுச் சிரித்தார். "பூவுக்கு வருவாக, பலாவுக்கு வருவாக. கெழங்குக்கா? பாத்து வாங்கு. ஒனக்குன்னு மட்டமா ஒண்ணு எடுத்து வச்சிருப்பாக."

ஆலங்குடி தாண்டியதும் செம்மண்ணும் முந்திரியும் பின்வாங்கித் தென்னை நெருங்கியது. ஒன்பது மணிக்கு இறங்கி, இரண்டு கிலோமீட்டர் நடந்து, கஸ்தூரி மஞ்சள் போடுவதாகக் கேள்விப்பட்டிருந்த கருப்பையா என்பவரின் தோப்பை அடைந்தேன். சில வருஷங்களுக்கு முந்தைய புயலில் சாய்ந்த தென்னைகளுக்குப் பதிலாக நட்ட கன்றுகள் ஆள் உயரம் தாண்டியிருந்தன.

கஸ்தூரி மஞ்சள் என்றதும் கருப்பையா கிணற்றடிப் பாத்தியைக் காட்டினார். பாதி காய்ந்திருந்த இலைகளில் பச்சையான ஒன்றைப் புரட்டி அடிப்பக்கம் தடவினேன். மெல்லிய பட்டு ரோமம். கிழங்கைக் கீறினேன். வெளிறிய நிறம், கற்பூர வாசம். அசல்தான்.

ஆனால் அவர் மண்வெட்டியோடு வேலிப் பக்கம் நடந்தார். "வெதைக்கெழங்கு அங்கிட்டு இருக்கு தாயி."

"டீ ஆறுது, வா புள்ள," என்று அவர் மனைவி கூப்பிட்டார்.

"கெழங்க எடுத்த பெறகு குடிக்கிறேங்க்கா."

"போலீஸ்காரி கணக்கா நிக்கிறதப் பாரு!"

வேலியோரச் செடியின் இலையையும் புரட்டினேன். வழுவழுவென்று இருந்தது. வெட்டிய கிழங்கில் அதே பளீர் மஞ்சள்.

"இது வேற செடிங்க."

"வேறதான்." அவர் கொஞ்சமும் கூசவில்லை. "மொதல்ல கெணத்தடிக் கெழங்கத்தான் வித்தேன். வெளுத்துக் கெடக்கு, டூப்ளிகேட்டுன்னு திருப்பிக் கொண்டாந்து கொட்டுனாக. மஞ்சளா இருந்தாத்தானே மஞ்சள்ங்கிறாக! அதான் அது எங்க வீட்டுக்கு, இது விக்கிறதுக்கு."

"எனக்குக் கெணத்தடிதான் வேணும்."

இப்போது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "நாளைக்கு வெளுப்புன்னு வந்து நிக்கப்படாது."

கிலோ நூற்றைம்பது ரூபாய். மூன்று கிலோவையும் ஒவ்வொரு கிழங்காகக் கீறிப் பார்த்தே பையில் போட்டேன். வளர்க்கும் முறையையும் கேட்டுக்கொண்டேன். நிழலில் மணலுக்குள் புதைத்து வைக்க வேண்டும். சித்திரை மழைக்கு, முளை உள்ள துண்டுகளாக நறுக்கி, மேட்டுப்பாத்தியில் சாணளவு இடைவெளியில் நட வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகும். "எலைக்கு முன்னாடியே ரோஸுப் பூ வந்தாலும் வரும். வேற செடின்னு பிடுங்கிப் போட்டுறாத," என்றார். பிறகுதான் டீ குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

மூன்று மணிக்கு வீடு சேர்ந்தேன். அம்மா ஒரு கிழங்கை ஒடித்தாள்.

"என்னடி, சோகை பிடிச்ச மாதிரி இருக்கு? ஏமாந்துட்டு வந்துட்டியா?"

கிழங்கோடு கொண்டுவந்த இலையைப் புரட்டிக் காட்டினேன். முகரச் சொன்னேன். கன்னத்தில் தேய்த்துக் கழுவச் சொன்னேன். கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "இத நம்ம வீட்டுக்கு வச்சுக்குவோம். விக்கிறதுக்குப் பழசையே அரைப்போம். சனம் மஞ்சளாத்தான கேக்குது?"

கருப்பையாவின் தோப்பிலேயே இன்னும் நிற்பது போலிருந்தது எனக்கு.

"அப்ப பாக்கெட்டுல ஒன் பேரப் போட்டுக்க," என்றேன்.

கிழங்குகளை ஒரு பானை மணலில் புதைத்தேன். சித்திரை வரை அந்தப் பானை என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். அம்மா வீட்டுக்கென்று எடுத்து அரைத்துவிடுவாளோ என்று, எத்தனை இருக்கிறது என்பதை அவளிடம் சொல்லவில்லை.