வீரையாவின் எண்ணிக்கையில் ஓர் அடி

வீரையாவைத் தெரிந்த எல்லோருக்கும் வணக்கம். ஒழுங்கு தவறினால் சொல்ல வந்ததை விட்டுவிடும் குணம் எனக்கு. ஆகவே எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. செய்தி எனக்கு வந்த விதம்.
2. அலுவலகத்தில் வீரையா.
3. கணினி விளையாட்டின் முதல் பாகத்தில் வீரையா செய்த ஒரே ஒரு எண்ணிக்கைப் பிழை.
4. அதன் இரண்டாம் பாகம் முதல் பாகத்தைவிடத் தாழ்ந்தது என்ற என் கட்சியும், உயர்ந்தது என்ற அவர் கட்சியும்.
5. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது.

செவ்வாய்க்கிழமை காலை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் மகள் சுமதி தொலைபேசியில் அழைத்தாள். "பெரியப்பா, அப்பா போயிட்டாங்க" என்றாள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். வேறு எதையாவது கேட்டிருக்கலாம். நில அளவை அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு எண்தான் முதலில் வாயில் வருகிறது. அதற்காக அன்று முழுவதும் வெட்கப்பட்டேன். உட்கார முடியவில்லை. வாசல் கதவிலிருந்து சமையலறை வரை நடந்தேன், இருபத்திரண்டு அடி. திரும்பி நடந்தேன். இந்தக் கட்டுரையையும் பாதி நின்றுகொண்டே எழுதுகிறேன்.

ஈப்போவை அடுத்த லகாட்டில் அவர் வீட்டு வாசலில் கூடாரத்துக்கடியில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, பழைய அலுவலக நண்பர் ஒருவர் "ஓரடி வீரையா" கதையை ஆரம்பித்தார். துக்க வீட்டிலும் நாலு பேர் மெல்லச் சிரித்தார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுவதாகவும், அந்தக் கதையை நானே எழுதித் தர வேண்டும் என்றும் சுமதி கேட்டாள். அதைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான். உதவிக்கு இருக்கட்டும் என்று அவருடைய பழைய பொருள்கள் இருந்த ஒரு பிஸ்கட் தகரத்தையும் கையில் கொடுத்தாள்.

இனி இரண்டாவது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஈப்போ அலுவலகத்தில் நான் படவரைஞன். அவர் அளவுச் சங்கிலி இழுப்பவர். வெளியே அளந்து வருவது அவர்கள் வேலை. அந்த எண்களைத் தாளில் கோடாக்குவது என் வேலை. அட்டையும் பாம்பும் உள்ள இடங்களுக்குப் போகாமல் இருக்க நான் சொல்லாத சாக்கு இல்லை. ஒரே ஒரு முறை, கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்க அளக்கும்போது, என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அன்று மேலதிகாரி வீரையாவின் எண்ணிக்கையை நம்பவில்லை. மறுபேச்சில்லாமல் வீரையா சங்கிலியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். சங்கிலி ஒரு முறை நீளும்போது ஓர் இரும்புக் குச்சி ஊன்ற வேண்டும். ஏறி வந்து குச்சிகளை மேலதிகாரியின் காலடியில் வரிசையாக வைத்தார். அதே எண்.

"சங்கிலி பொய் சொல்லாது அண்ணே. இழுக்கிறவன்தான் சொல்லுவான்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அன்றே இன்னொன்றும் நடந்தது. களப் புத்தகத்தில் ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டு ரப்பரை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அழிக்காதீங்க அண்ணே. மேல ஒரு கோடு போட்டுட்டு பக்கத்துல சரியானத எழுதுங்க. எது தப்புன்னு நாளைக்கு வாரவனுக்குத் தெரியணும்லா." அது அலுவலக விதி. நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த விதி. ஆனாலும் ரப்பர் என் கையில்தான் இருந்தது.

மதியச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, இது மாதிரி ஒரு தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில்தான் பிறந்தேன் என்றார். அவருக்குக் குடியுரிமைக்கான நீல அட்டை கிடைத்தது. அக்கா ராக்கம்மாவுக்குக் குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைதான். வேலைக்கு அனுமதி வேண்டும் என்ற சட்டம் வந்ததும் அக்கா குடும்பத்தோடு பினாங்கில் கப்பலேறி இந்தியா போய்விட்டது. ஒரு கடிதம் வந்தது, பிறகு இல்லை. இவ்வளவையும் ஊறுகாயைப் பங்கு போட்டுக்கொண்டே சொன்னார். நான் மழை வரும்போலிருக்கிறது என்றேன்.

மூன்றாவதற்கு வருகிறேன். எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு மாடிக் கடையில் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் வீரையா என்னை அங்கே இழுத்துப் போவார். பச்சை எழுத்துத் திரையில் ஒரு விளையாட்டு. ஆறு பேரை நாமே பெயரிட்டு உருவாக்கி, பூமிக்கடியில் உள்ள இருட்டுப் பாதைகளில் நடத்திச் செல்ல வேண்டும். கடைக்காரர் பிரதி எடுத்து வைத்திருந்த ஃபிளாப்பித் தட்டில் விளையாட்டின் பெயர்கூட இல்லை; வெள்ளைச் சீட்டில் 'ஒன்று' என்று மட்டும் எழுதி ஒட்டியிருந்தார்.

எங்கள் அலுவலக வேலைதான் அங்கேயும். அவர் விசையை அழுத்தி நடப்பார். ஓர் அடிக்கு ஒரு தீக்குச்சியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்த்துவார், ஒரு நோட்டில் குறித்தும் கொள்வார். நான் கட்டம் போட்ட தாளில் வரைவேன். ஆறு பெயர்களையும் அவரே வைத்தார். எல்லோரும் கப்பலேறிப் போன லயத்துக்காரர்கள். முன்வரிசையில் ராக்கு. பின்னால் வைத்தால் பத்திரம் என்றேன். "எங்க அக்கா எப்ப அண்ணே பின்னாடி நின்னிச்சு?" என்றார்.

அந்த விளையாட்டில் செத்தவர் செத்தவர்தான். தட்டிலேயே எழுதிவிடும். ஏறத்தாழ ஓர் ஆண்டு அந்த ஆறு பேரையும் காப்பாற்றினோம். ஐந்தாம் தளத்தில் ஒரு நீண்ட பாதை உண்டு. முந்தின வாரம் அதைச் சுற்றி வந்து அளந்திருந்தோம். வீட்டில் நான் சுத்தப் பிரதி வரைந்து எடுத்து வந்தேன். "பதினாறு அடி, பிறகு இடது பக்கம் கதவு" என்று படித்தேன். வீரையா நடந்தார், திரும்பினார், அடி வைத்தார். கதவு இல்லை, குழி. முன்னால் போன ராக்கு விழுந்து இறந்தாள். தட்டு கர்ரென்று சுழன்று நின்றது.

"நீ ஓர் அடி தப்பா எண்ணிட்டே" என்றேன். வீரையா தீக்குச்சிகளைப் பார்த்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி மீண்டும் எண்ணினார். "இருக்கலாம் அண்ணே" என்றார்.

திங்கட்கிழமை தேநீர் வேளையில் இதை நான்தான் வேடிக்கையாகச் சொன்னேன். வாழ்க்கையில் ஒரு தரம் என் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். "சங்கிலி பொய் சொல்லாதுன்னியே, குச்சி சொல்லிருச்சா?" என்று ஒருவர் கேட்டார். "ஓரடி போட்டு அக்காவையே தள்ளிவிட்டவன்லா இவன்" என்றார் இன்னொருவர். அன்று பிறந்த பட்டப்பெயர் அவர் ஓய்வு பெறும்வரை கூடவே வந்தது. புதிதாக வந்த அதிகாரிகள்கூட அவர் அளந்து வந்தால் "ஓரடி சேர்த்தா, குறைச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். அவர் சிரிப்பார், மறுபடி அளக்கட்டுமா என்று மட்டும் கேட்பார்.

நான்காவது, பாகங்களின் ஒப்பீடு. சில மாதங்களில் 'இரண்டு' வந்தது. முதலாவதில் சுவர்களும் இருட்டும்தான். யாரும் பேச மாட்டார்கள். இரண்டாவதில் வெளிச்சமான நிலம், ஆறு, ஊர்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்லும் மனிதர்கள். முதலாவதில் நம் பிழையை மன்னிக்க யாருமில்லை. இரண்டாவதில் இறந்தவரைக் கோயிலில் கொண்டுபோய் எழுப்பலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நடந்த இடத்தை அதுவே வரைபடமாகத் திரையின் மூலையில் காட்டியது. எனக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. முதலாவதே உயர்ந்தது, அதில் கவனத்துக்கு மதிப்பு இருந்தது, இரண்டாவது சோம்பேறிகளுக்கு என்று வாதாடினேன். அதில் பாதி பொறாமை என்று இப்போது தோன்றுகிறது.

"மொதல்ல வந்தது சொவரக் காட்டிச்சு, இது ஆளக் காட்டுது" என்பது வீரையாவின் கட்சி. "படத்த அதுவே போட்டுக்கட்டும் அண்ணே. நீங்க பென்சில வச்சிட்டு என்கூட நடங்களேன் லா." நான் நடக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, திரையில் இருந்த படத்தையே பார்த்து வரைந்துகொண்டிருந்தேன்.

முதல் பாகத்து ஆட்களை இரண்டாம் பாகத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது. உயிரோடு இருப்பவர்களை மட்டும். ராக்குவைக் கொண்டுவந்து கோயிலில் எழுப்ப முடியுமா என்று வீரையா கடைக்காரரிடம் மலாய் மொழியில் கேட்டார். அது எப்படி முடியும், அந்தத் தட்டிலேயே இல்லையே என்று அவர் கைவிரித்தார். புதிதாக ஒருத்தியைச் செய்து அதே பெயரை வைத்துக்கொள் என்றார். வீரையா தலையசைத்தார், செய்யவில்லை. ஆறாவது இடத்தைக் காலியாகவே விட்டு ஐந்து பேரோடு விளையாடினார். அப்படி விளையாடுவது கடினம்.

அதில் ஓர் ஆற்றங்கரை உண்டு. எத்தனை பேர் என்று படகோட்டி கேட்பான். எண்ணை அழுத்த வேண்டும். வீரையா ஆறு என்று அழுத்துவார். ஐந்து பேர்தான் தெரிகிறார்கள் என்று படகோட்டி மறுப்பான். பிறகு ஐந்து என்று அழுத்துவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படி. "அஞ்சு பேர எண்ணத் தெரியாதா உனக்கு?" என்று நான் சிரித்திருக்கிறேன். அதையும் திங்கட்கிழமை அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன்.

இந்த இடம்வரை எழுதி வைத்துவிட்டு, ஐந்தாம் தளத்தின் அளவுகளைச் சரியாகக் குறிப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் நேற்று அந்தத் தகரத்தைத் திறந்தேன். அவருடைய நோட்டு இருந்தது. என் சுத்தப் பிரதி அலமாரியில் சுருட்டி வைத்தபடியே இருந்தது. எதையும் எறியாதவன் நான். இரண்டையும் மேசையில் விரித்தேன்.

நோட்டில் அந்த நீண்ட பாதைக்குப் பதினேழு என்று இருந்தது. என் பிரதியில் பதினாறு.

அவர் எண்களை வைத்து மறுபடி வரைந்தேன். நான்கு முறை வரைந்தேன். சுற்றி வந்த கோடு புறப்பட்ட இடத்துக்கு வந்து சேராமல் ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது. விளையாட்டின் பாதையில் ஏதோ ஓரிடத்தில் ஆளைச் சத்தமில்லாமல் ஒரு கட்டம் நகர்த்திவிடும் பொறி இருந்திருக்க வேண்டும். நில அளவையில் அப்படி நகர்த்தும் நிலம் கிடையாது. அங்கே கோடு சேராவிட்டால், சிறு இடைவெளியாக இருந்தால், அதை நீண்ட பக்கத்தில் கழித்துக் கோட்டைச் சேர்த்துவிடுவோம். அதுதான் முறை. ஆயிரம் முறை செய்த கை, வீட்டில் உட்கார்ந்து சுத்தப் பிரதி எடுத்தபோது பதினேழைப் பதினாறாக்கிக் கோட்டைச் சேர்த்திருக்கிறது. செய்ததை மறந்தேனா, மறக்க விரும்பினேனா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சத்தியம் செய்ய முடியவில்லை.

நோட்டில் பதினேழுக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறிதாக, அவர் கையெழுத்தில்: "அண்ணே படத்துல 16."

அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உடனே சுமதியை அழைத்தேன். பட்டப்பெயரைப் பற்றி அப்பா எப்போதாவது ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். பள்ளியில் படிக்கும்போது ஒரு முறை, ஏன் உங்களை அப்படிக் கூப்பிடுகிறார்கள், கோபம் வராதா என்று கேட்டாளாம். "அது அண்ணனோட கணக்கு லா. சொன்னா அவரு அப்பறம் பென்சிலயே தொட மாட்டாரு" என்றாராம். அப்போது அவளுக்கு ஒன்றும் புரியவில்லையாம். "ஏன் பெரியப்பா, என்னா கணக்கு அது?" என்று கேட்டாள். எழுதித் தருகிறேன் என்றேன்.

அவர் சொன்னது உண்மை. அன்று சொல்லியிருந்தால் நான் பென்சிலைத் தொட்டிருக்க மாட்டேன். ஒவ்வொரு தாளிலும் என் கை தயங்கியிருக்கும். என் கை தயங்காமல் இருக்க, தன் எண்ணிக்கையை நாலு பேர் சிரிக்கக் கொடுத்துவிட்டார்.

ஐந்தாவது. அந்த நோட்டை நானே வைத்துக்கொள்ளலாம் என்று சுமதி சொல்லிவிட்டாள். வேறு எதுவும் வேண்டாம். எந்தப் பாகம் உயர்ந்தது என்ற வழக்கையும் இத்துடன் விட்டுவிடுகிறேன். அவரோடு நடந்து பார்க்காதவனுக்கு அதில் பேச்சு இல்லை.

கட்டுரையைத் திருத்தி, மேலே உள்ள பட்டியலை மாற்றி எழுதிவிடலாம் என்று இரண்டு முறை ரப்பரை எடுத்தேன். வைத்துவிட்டேன். அச்சகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: மூன்றாவது குறிப்பை நீக்க வேண்டாம்; படிக்கத் தெரியும்படி அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கீழ்க்கண்டதை அச்சிடுங்கள்.

தவறு. அளந்த அன்று வீரையா பதினேழு அடி நடந்தார், சரியாக எண்ணினார். பதினாறு என்று எழுதியவன் நான்.