எடைக்கு எடை வெல்லம்

பட்டினி கிடந்து இளைத்துவிடலாம் என்ற யோசனை எனக்கு முதன்முதலாக வந்தது ஒரு வெல்லக் கடையில், தராசுப் பலகை மேல் நின்றுகொண்டிருந்தபோது. மூட்டை நிறுக்கிற பெரிய தராசு அது. கடைக்காரர் கல்லை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துவிட்டு, மூட்டைக்குச் சொல்வது போலவே கடைக்குள் பார்த்து, "அறுபத்தெட்டு" என்று குரல் கொடுத்தார். உள்ளே இருந்தவர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். கூட வந்திருந்த சித்தப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"எழுபதாப் போட்டிருங்கண்ணே. ரெண்டு கிலோ கூடக் கெடக்கட்டும், சேதாரம் இருக்கும்ல."

எனக்குப் பதினாலு வயது. ஒன்பதாம் வகுப்பு. சிவராத்திரிக்கு நாற்பது நாள் இருந்தது. நாற்பது நாளில் ஒரு மனுஷி எவ்வளவு வேண்டுமானாலும் இளைக்கலாம் என்று பலகையை விட்டு இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

என்னை எதற்கு வெல்லக் கடையில் நிறுத்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போது எனக்கு நெஞ்சுச்சளி முற்றிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அப்பாவிடம் மட்டும் ஏதோ சொன்னாராம். அம்மா வராந்தாவில் நின்றபடியே எங்கள் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்து எழுந்தால் எடைக்கு எடை வெல்லம். கோயில் பேரையூர் தாண்டி ஒரு பொட்டல் காட்டில் இருந்தது. நான் அப்போது ஐந்தரைக் கிலோ. அந்த மாதமே முடித்திருந்தால் ஒரு மஞ்சப்பையில் அடங்கியிருக்கும்.

ஆனால் பிள்ளை நன்றாகத் தேறட்டும் என்றார்கள். தேறியதும் பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்து, ஒரு வருஷம் கோயிலுக்குப் போகக்கூடாது என்றானது. அப்புறம் தம்பி வயிற்றில் இருந்தான். அப்புறம் ஆனையூரில் வீடு கட்டினோம். அப்புறம் கோயிலையே இடித்துக் கட்டினார்கள். சாமி காத்திருந்தது. நான் காத்திருக்கவில்லை, வளர்ந்துகொண்டே இருந்தேன்.

இப்போது கல்லூரியில் உணவியல் படிக்கிறேன். யார் குண்டாக எதிரே வந்தாலும் எங்கே, எப்படி, எதனால் என்று மனசு துருவ ஆரம்பித்துவிடுகிறது, அது ஒரு வியாதி. அன்றைய என்னைத் துருவினால் நிறையக் கிடைக்கிறது. கையை விட்டு நழுவப் பார்த்த பிள்ளை என்பதால் அம்மா எனக்குப் பசி வர விட்டதே இல்லை. கடைசித் தோசைக்கு அப்புறம் எப்போதும் இன்னொரு தோசை இருந்தது. நெஞ்சு பலவீனம் என்று ஓடக்கூடாது. பள்ளிக்கூடத்துக்கு வேன் வாசலுக்கே வரும். விளையாட்டுப் பீரியடில் அம்மா எழுதித் தந்த கடிதத்தின் தயவில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் வாட்ச்சுகளைக் காவல் காப்பேன். சாயங்காலம் கணக்கு டியூஷன், அது முடிந்தால் அறிவியல் டியூஷன், இரண்டுக்கும் நடுவே கால் மணி நேரமும் ஒரு பேக்கரியும். ராத்திரித் தட்டு டிவி முன்னால். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வாங்கி வரும் பரோட்டா, சால்னா. இதையெல்லாம் இன்றைக்குப் பரீட்சைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதுவேன். அன்றைக்கு இதற்குப் பெயர் வீடு, அவ்வளவுதான்.

தம்பியும் இதே சோற்றைத்தான் தின்றான். ஆனால் அவனுக்காக யாரும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. இருட்டும்வரை தெருவில் கிரிக்கெட் ஆடினான், குச்சி போல இருந்தான்.

சிவராத்திரிக்கு எங்கள் பங்காளிகள் அத்தனை பேரும் கோயிலில் கூடுவார்கள். அதில் ஒரு வீட்டுப் பெண் என் வகுப்பில்தான் படித்தாள், என் வேனில்தான் வந்தாள். அந்த வேனில் எனக்கு ஏற்கெனவே 'டபுள் சீட்' என்று பெயர். எனக்காக ஒரு தராசில் எத்தனை கிலோ வெல்லம் ஏறியது என்று அவள் திங்கட்கிழமை காலையில் வேனில் சொன்னால், அதற்கப்புறம் நான் எந்த முகத்தோடு படி ஏறுவது? எழுபது என்ற எண்ணை ஐம்பதாக்கிவிட வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

காலை இட்லியைத் தம்பியின் தட்டுக்குத் தள்ளினேன். மதியச் சாப்பாட்டை டப்பாவோடு பக்கத்து பெஞ்சுக்குக் கொடுத்தேன். நாலரை மணிக்கு டியூஷன் போர்டில் எழுத்தெல்லாம் மிதக்கும். பேக்கரிக்குப் போனால் வழக்கமாக ஒரு பப்ஸ் தின்கிறவள் மூன்று தின்பேன், மேலே ஒரு கிரீம் பன். நாளெல்லாம் விரதம் இருந்தவளுக்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்தேன். மதியச் சோற்றை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டு, இளைத்துக்கொண்டிருப்பதாக முழுசாக நம்பவும் செய்தேன்.

பத்தாவது நாள், டிவி ரிமோட்டுக்கு நடந்த சண்டையில் தோற்ற தம்பி, நான் சாப்பாட்டை ஒதுக்குவதை அம்மாவிடம் போட்டு உடைத்தான். அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. முகம் வெளுத்துப்போய் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா வந்ததும் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

"சாமி கேக்குதுங்க. இம்புட்டு வருசம் தள்ளிப் போட்டோம்ல. பிள்ளை சோத்த ஒதுக்குது."

அப்பா பாவம், சட்டையைக் கழற்றாமலேயே நின்றுகொண்டிருந்தார்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சாமியும் இல்லை, குத்தமும் இல்லை, எனக்கு அந்தத் தராசில் உட்கார வெட்கமாக இருக்கிறது என்று. ஆனால் அந்த வேண்டுதலால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நம்புகிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. பலன், மறுநாளே அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து என் கையில் கட்டிவிட்டாள். நல்லெண்ணெயில் முட்டை, பாதாம் அரைத்த பால், நெய் மிதக்கிற பருப்புச் சோறு என்று ஒவ்வொன்றும் தீரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தின்றேன். மூன்று பப்ஸ் பழகிய வயிறு ஒன்றுக்குத் திரும்ப மறுத்ததால் அதையும் தின்றேன்.

சிவராத்திரிக்கு மறுநாள் காலை. கோயில் முன்னால் வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். புளிய மரக் கிளையில் கனத்த சங்கிலி போட்டு, இரண்டு பக்கமும் பலகை தொங்கவிட்டிருந்தது. பூசாரி என்னைப் பார்த்து, உட்கார்ந்தபின் பலகை சமமாக நிற்கும்வரை கால் தரையில் படக்கூடாது, பட்டால் நேர்த்திக்கடன் சேராது, அடுத்த சிவராத்திரிக்குத் திரும்பத்தான் வரவேண்டும் என்றார். பட்டுப் பாவாடையை இழுத்து விட்டுக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பலகை சாவகாசமாக இறங்கித் தரையைத் தொட்டது.

சித்தப்பா எதிர்ப் பலகையில் வெல்லத்தை அடுக்க ஆரம்பித்தார். பாதியில் ஒன்றும் அசையவில்லை, அது நியாயம். முக்காலிலும் அசையவில்லை. கடைசி உருண்டையையும் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். என் பலகை தரையிலேயே இருந்தது. சித்தப்பா குனிந்து வெல்லத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார், அழுத்தினால் எடை கூடும் என்பது போல.

"எப்படிடா நிறுத்த?" என்றார் அப்பா.

"அண்ணே, சத்தியமா நாப்பது நாளைக்கு முன்னாடி இவ அறுபத்தெட்டுத்தாண்ணே."

கூட்டம் சிரித்தது. என் வேனில் வரும் அந்தப் பெண் முன்வரிசையில் நின்று தாவணி முனையால் வாயை மூடிக்கொண்டாள். நான் என் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு காலைக் கீழே வைத்தால் போதும், எல்லாம் இத்தோடு முடிந்துவிடும். அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். சம்மணத்திலிருந்து வலது கால் தானாகவே பிரிந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். வைக்காதே என்று கத்தவில்லை. திரும்பிப் பக்கத்து அடுப்பில் நின்ற ஒரு பெரியம்மாவிடம் போய் முந்தானையை விரித்தாள்.

"மதினி, ஒரு உருண்ட வெல்லம் குடுங்க."

அந்தப் பெரியம்மா பொங்கலுக்கு வைத்திருந்த வெல்லத்தை எடுத்துக்கொண்டு தானே தராசுக்கு வந்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எட்டு மாசத்துல இவளத் துணியில சுத்தித் தூக்கிட்டு வந்தாங்க, நான் பாத்தேன். கால்ல கொலுசு நிக்காது. கழண்டு கழண்டு விழுகும்."

அதற்கப்புறம் அம்மா யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த அடுப்பிலிருந்து ஒருத்தி வந்தாள், அதற்கடுத்து இன்னொருத்தி. எங்க வீட்டு வெல்லமும் கெடக்கட்டும் என்று ஆளுக்கு ஒரு உருண்டை. ஒவ்வொருத்தியிடமும் எட்டு மாதத்து என்னைப் பற்றி ஒரு சேதி இருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தேனாம். பெயர் வைக்கவே பயந்தார்களாம். சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் அது வேறு சிரிப்பாகிவிட்டிருந்தது. பந்தயத்தில் தன் ஊர்க்காரன் ஜெயிக்கும்போது சிரிப்பார்களே, அப்படி. கடைசியில் என் வேனில் வரும் பெண்ணும் அவள் வீட்டு உருண்டையைக் கொண்டுவந்தாள். உச்சியில் பதமாக வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"ஆடாத. ஏறுது."

பலகை தரையை விட்டு எழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். காற்றில் ஒரு சாண் உயரத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பதினாலு வருஷத்தில் அவ்வளவு லேசாக நான் இருந்ததே இல்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அது சங்கடமாக இருந்தது. மொத்தம் எவ்வளவு ஏறியது என்று யாரும் எண்ணவில்லை. அன்றைக்கு எல்லார் வீட்டுப் பொங்கலிலும் இனிப்பு ஒரு மாற்றுக் குறைவாகத்தான் இருந்திருக்கும். யாரும் குறைசொல்லிக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது கல்லுப்பட்டி தாண்டுவதற்குள் அம்மா தூங்கிவிட்டாள். வாயைத் திறந்தபடி, என் தோளில் தலையைப் போட்டு. அம்மா எனக்கு முன்னால் தூங்கி நான் பார்த்ததில்லை. தம்பி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து என் பக்கம் நீட்டினான். இரண்டு எடுத்தேன். மூன்றாவதுக்குக் கை போனபோது, வேண்டும் என்று தோன்றவில்லை. வேண்டாம் என்றேன். தின்னுடி என்று சொல்ல ஆள் விழித்திருக்கவில்லை. திருப்பரங்குன்றத்தில் ரயில்வே கேட் அடைத்து, அத்தனை ஹாரன்களும் அலறியபோதுகூட அம்மா அசையவில்லை.

அடுப்புப் புகையில் அலுத்துவிட்டாள் என்று நினைத்தேன். சொன்னதைச் செலுத்தாத வரைக்கும் நான் எந்த நேரமும் திரும்பக் கேட்கப்படக்கூடிய பிள்ளையாக அவளுக்கு இருந்தேன் என்பதும், ஒவ்வொரு தோசையையும் அந்தப் பயம்தான் சுட்டுப் போட்டது என்பதும் அன்றைக்கு எனக்கு எட்டவில்லை. என் யோசனை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை மூன்றாவது பீரியட் விளையாட்டு. மைதானத்தை ஒரு சுற்று வந்து பார்க்க வேண்டும். ஓட முடியாவிட்டால் நடந்தாவது. முதலில் ஒரு சுற்று.