குற்றாலத்துக்குப் பஸ் ஏறிய மதினி

என் அண்ணன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்த அன்று, மதினி முன்னறையில் பீடித்தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவருடைய இடம் அதுதான். கடையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் பெண்கள் பீடி சுற்றினார்கள். வாய் ஊர்க்கதை பேசும். கை அதன்போக்கில் இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும். அண்ணன் எல்லையிலிருந்து அனுப்பியது நிலத்துக்கும் வீடு கட்டவும் போனது. மகள் குற்றாலத்துக் கல்லூரியில் சேர்ந்தது மதினியின் பீடிக் காசில்.

நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பொருளியல் ஆசிரியன். நாட்டின் வளர்ச்சியைப் பற்றி வருஷாவருஷம் பாடம் நடத்துகிறேன். பாடத்தில் வருகிற சங்கதிகள் ஒவ்வொன்றாக எங்கள் வீட்டுப் படியேறி வந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் பீடி வேலை குறைந்தது. இளவட்டங்கள் பீடி குடிப்பதை விட்டுவிட்டார்கள். அது நல்லதுதான். ஆனால் பீடிக்கடையில் இலையும் தூளும் அளந்து கொடுப்பது சுருங்கச் சுருங்க, மதினி மத்தியானத்துக்கு மேல் வெறும் தட்டோடு உட்கார்ந்திருப்பார். அடுத்து, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது என்று வந்தது. இதன் அருமை எனக்கு உடனே விளங்கவில்லை. அதுவரை மதினி எங்கே கிளம்பினாலும் பஸ்ஸுக்கு அண்ணனிடம் காசு கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். இப்போது சொல்ல ஒன்றும் இல்லாமலே ஏறிவிட்டார். தென்காசி கோயிலுக்குப் போனார். ஒரு நாள் பை நிறையக் கத்தரிக்காயோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

“என்ன மதினி, விசேஷமா?” என்றேன்.

“ஒண்ணும் இல்ல தம்பி. சும்மா வந்தேன்.”

அந்த ‘சும்மா’வைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

அந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். முறுக்கும் காப்பியும் கொண்டுவந்து வைத்த மதினி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார்: “குத்தாலத்துல ஒரு லாட்ஜுல சமையக்கட்டுக்கு ஆளு வேணுமாம். நாளையில இருந்து போலாம்னு இருக்கேன்.”

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். “பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி லாட்ஜுல வேலை பாக்கதுக்கா நான் அத்தன வருஷம் பனியில கெடந்தேன்? ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவான்?”

“அந்த நாலு பேரும் எனக்குப் பீடி வேலை தரட்டும். நான் போவல.”

“பென்சன் வருதுல்லா?”

“அது நீங்க ஒழச்சது.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “ஏலே, நீயாவது சொல்லேன்.”

நான் இரண்டாவது முறுக்கை எடுத்துக் கடித்தேன். வாய் நிறைய முறுக்கு இருப்பவனிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

மறுநாள் விடியவும் மதினி பஸ் ஏறிவிட்டார். அண்ணன் அவரிடம் பேசுவதை நிறுத்தினார். சண்டை போடவில்லை, தடுக்கவுமில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மகள் வழியாகச் சொன்னார். “ஒங்கம்மாட்ட சொல்லு, மோட்டார் போட்டாச்சு.” பக்கத்து அறையிலிருந்து, “ஒங்கப்பாட்ட சொல்லு, எனக்கும் காது கேக்கு.” பிள்ளை ஒரு நாள் எனக்குப் போன் பண்ணி அழாத குறையாகக் கேட்டாள்: “சித்தப்பா, நான் என்ன வயர்லெஸ்ஸா?”

சாரல் வலுத்து மழையாகிவிட்ட ஒரு நாள் மத்தியானம், அண்ணன் தென்காசியில் என் வீட்டு முன்னால் தொப்பலாக நனைந்து பைக்கை நிறுத்தினார்.

“அருவியில வெள்ளமாம். ரோட்டுல மரம் சாஞ்சு பஸ்ஸு போவலையாம். அவ போனை எடுக்க மாட்டேங்கா. வாலே.”

பின்னால் ஏறிக்கொண்டேன். சாய்ந்து கிடந்த மரத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து வழியாக இருவரும் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனோம். குற்றாலத்தில் அருவிச் சத்தம் கடைவீதி வரைக்கும் கேட்டது. குளிக்க யாரையும் விடவில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்ட ஆண்கள், கழுவ வழியில்லாமல், குற்றாலத் துண்டோடு கடை ஓரங்களில் மின்னிக்கொண்டு நின்றார்கள். வேறு நாளாக இருந்தால் அண்ணன் சிரித்திருப்பார்.

லாட்ஜ் முகப்பில் நிற்க இடமில்லை. போகவும் முடியாமல், வெளியே சாப்பாடும் கிடைக்காமல் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். பாதிப் பேர் கேரளத்துக்காரர்கள். பின்கட்டுக்குப் போனோம். செங்கோட்டையிலிருந்து வர வேண்டிய தலைமைச் சமையல்காரர் வரவில்லை. அடுப்பின் முன்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதினி நின்றிருந்தார். ஒரு பெரிய வட்டாவில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. போன் எங்கோ ஒரு மூலையில் அரிசி மூட்டைக்கு மேலே கிடந்தது.

எங்களைப் பார்த்தவர் ஆச்சரியப்படக்கூட இல்லை.

“வந்துட்டியளா? சோத்துப் பானைய எறக்க ஆளில்ல. ஒரு கை புடிங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். பானையின் ஒரு காதை அவரும் மறு காதை நானும் பிடித்து இறக்கினோம். அதற்குப் பிறகு அவரை யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சோற்றுக்கு முண்டியடித்தவர்களை வெளியே போய் வரிசையில் நிறுத்தினார். “சின்னப் பிள்ளேளு மொதல்ல!” என்றார். பட்டாளத்தில் கூட இருந்தவர்களிடம் கற்ற அரைகுறை மலையாளத்தில் அதையே மறுபடியும் சொன்னார். நான் இலை போட்டேன். ஒரு கொல்லத்துப் பெண் மதினியிடம், “சேச்சி, ரசம் குறச்சு கூடி” என்று இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு மூன்றாம் தடவையாகக் கை நீட்டினாள்.

லாட்ஜ் முதலாளி அண்ணாச்சி உள்ளே எட்டிப் பார்த்து, “யாரும்மா அது, நல்லா அதட்டுதாரு?” என்றார்.

“எங்க வீட்டுக்காரங்க. பட்டாளத்துல இருந்தாங்க” என்றார் மதினி, சற்று உரக்கவே. வாசலில் நின்ற அண்ணனுடைய முதுகு இன்னும் நிமிர்ந்தது.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு நாங்கள் மூவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணன் இலையைப் பார்த்தபடி சொன்னார்: “வீட்டுல இப்படி ஒரு ரசம் வச்சதே இல்லையே.”

“வச்சேன். நீங்கதான் வாயத் தொறக்கவே மாட்டேங்கியளே.”

அவ்வளவுதான். அவர்களுடைய சமாதானம் அப்படித்தான் நடந்தது.

சீசன் முடிந்தும் அண்ணாச்சி மதினியை விடவில்லை. ஐயப்ப பக்தர்கள் வருகிற மாதங்களும் இருக்கின்றனவே. இன்று அந்தச் சமையற்கட்டு முழுக்க மதினியின் பொறுப்பு. எங்கள் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் அவரோடு பஸ் ஏறுகிறார்கள். மகள் படிப்பை முடித்து, தென்காசிக்கு வெளியே வந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அண்ணன் முழுக்க மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஊரில் கேட்பவர்களிடம், “அவ குத்தாலத்துல கேண்டீன் பாக்குதா” என்கிறார். சமையல் என்ற சொல் இன்னும் அவர் வாயில் வரவில்லை.

போன வருஷம் இந்தக் கதையை, பெயர் ஊர் சொல்லாமல், வகுப்பில் சொன்னேன். ஒரு நாடு முன்னேறுவதில் பஸ்ஸுக்கும் கூலிக்கும் எவ்வளவு பங்கோ, ஊர் என்ன சொல்லும் என்ற பயம் விடுவதற்கும் அவ்வளவு பங்கு என்றேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “சார், அவங்க வீட்டுக்காரர் கடைசி வர சம்மதிக்கலேன்னா அந்தக்கா போறத நிறுத்தியிருப்பாங்களா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை மதினியிடமே கேட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அவங்க பேசாம இருந்தப்பவும் போய்க்கிட்டுத்தான தம்பி இருந்தேன்” என்றார். ஆய்ந்த கீரையைச் சட்டியில் போட்டுவிட்டு, தலை நிமிராமல் சேர்த்துக்கொண்டார்: “என்ன, அப்பல்லாம் எனக்குச் சாப்பாடுதான் எறங்காது.”

முதல் பாதியை மறுநாள் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மறு பாதியை வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் மட்டும் சொன்னேன்.