வளையல் கடையில் வைத்த பெயர்

போர்வையின் மேல் அத்தாவின் இரண்டு விரல்கள் நடந்துபோவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பக்கவாதம் வந்து எழுந்த பிறகு அவருக்கு ஆட்களின் பெயர்கள் வாயில் வரவில்லை. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஆயுள் முழுக்கத் துணிக்கடை வைத்திருந்தவர். எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை என்பது மட்டும் அப்படியே இருந்தது. பெற்ற மகளான என்னைப் பார்த்தே, "இன்னாம்மா... இந்தாம்மா..." என்று திண்டாடுவார். எனக்கோ நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. ஜமாத்தார் முன்னால் தகப்பன் தன் மகளின் பெயரைச் சொல்லி மணமுடித்துக் கொடுக்க வேண்டும். அவருடைய அண்ணன், எங்கள் பெரியத்தா, "நான் சொல்லிடறேன்டா" என்றார். அத்தா ஒப்பவேயில்லை. "எம் பொண்ணு. நான்தான் சொல்வேன்."

அரசு வேலைத் தேர்வுக்குப் படித்தபோது கற்ற வித்தை ஒன்று எனக்குத் தெரியும். பழகிய தெருவில் மனத்தால் நடக்க வேண்டும். மறக்கக்கூடாததைக் கடைக்கொன்றாக வைத்துவிட்டு, மறுபடி நடந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அத்தாவுக்கும் அதையே பழக்கினேன். அம்மாவின் பெயரை டீக்கடையில் வைத்தோம். மாப்பிள்ளையைச் செருப்புக்கடையில் வைத்தபோது அத்தாவே சிரித்துவிட்டார். "என்னை எங்கத்தா வைக்கிறது?" என்றேன். யோசிக்கவே இல்லை. "வளையல் கடைல வையி." சின்ன வயதில் நான் அங்கே அழுது புரண்டதை மனுஷர் மறக்கவில்லையே என்று பூரித்துப்போனேன். தினமும் போர்வையே தெருவாக அவர் விரல்கள் நடந்தன. வளையல் கடையில் நின்று என் பெயரைச் சொல்வார். அப்பாடா என்றிருக்கும்.

நிக்காஹ் அன்று பெண்கள் பக்கம் உட்கார்ந்து மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். "என் மகள்..." என்றவர் நிறுத்தினார். மனத்துக்குள் கடைத்தெருவில் நடக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். பிறகு கணீரென்று ஒரு பெயர் வந்தது. என் பெயர் இல்லை. சிறுமியாக இருக்கும்போதே காய்ச்சலில் இறந்துபோன அவருடைய தங்கையின் பெயர். அவளைத் தோளில் தூக்கிப்போய் அத்தா வளையல் வாங்கித் தந்த கடையாம் அது. பெரியத்தா பின்னால் சொல்லித்தான் தெரியும். எனக்கு முன்பே அங்கே ஒருத்தி இருந்திருக்கிறாள்! பெரியத்தா மைக்கை வாங்கி என் பெயரைச் சொல்லி முடித்துவைத்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சற்று நேரத்தில் அத்தா என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கரெக்டா சொன்னேன்ல? நடந்துகினே போனேன், டக்குனு வந்துச்சு."

"கரெக்டா சொன்னீங்கத்தா."

என் தலையில் கை வைத்து, அந்தப் பெயரைச் சொல்லித்தான் துஆ செய்தார். அதன் பிறகு என் பெயர் அவர் வாயில் வரவேயில்லை. ஒரே ஒரு தடவை கேட்டுவிடமாட்டோமா என்று மனம் அடித்துக்கொள்கிறது. இப்போது எனக்கு வெள்ளிமலையில் குடித்தனம். சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று போன் போடுகிறேன். எடுத்ததும் ஆசையாக அவளைத்தான் கூப்பிடுகிறார்.

"சொல்லுங்கத்தா" என்கிறேன்.