தேசம்மா கழுவிய பாட்டில்கள்

தேசம்மாவுக்கு மீன் விற்கத் தெரியாது. நொச்சிக்குப்பத்தில் பிறந்து, கட்டுமரக்காரன் முனியனைக் கட்டிக்கொண்ட ஒருத்தியைப் பற்றி இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மீன் விற்கக் குரல் வேண்டும். அந்தக் குரல் முழுவதையும் அவளுடைய தங்கை கெங்கம்மா எடுத்துக்கொண்டாள். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கெங்கம்மா கூவினால் கோர்ட்டில் வக்கீல்கள் வாதத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. தேசம்மாவோ சரியான பயந்தாங்கொள்ளி. டெலிபோன் மணி அடித்தால் பயம். லிஃப்ட் என்றால் பயம். பெரிய டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் பயம். அதனால்தான் ஆழ்வார்பேட்டையில் இருந்த ஒரு சின்னப் புற்றுநோய் டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் பாட்டில் கழுவ வந்து சேர்ந்தாள். பாட்டில்கள் எதிர்த்துப் பேசாது.

நான் சுந்தரவல்லி. அதே ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சை அளக்கும் பிரிவில் உதவியாளர். அப்பாவுக்கு ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எம்.எஸ்சி. படித்த திமிர் எனக்கு அப்போது நிறையவே இருந்தது. தினமும் காலையில் அம்மா என் தலையில் உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து, கண் மேலே போகிற மாதிரி இழுத்துப் பின்னிவிடுவாள். எண்ணெய் வைக்காத தலை எங்கள் வீட்டில் துக்க வீட்டுத் தலை.

1977-இல், வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்று வேண்டாம் என்று கழித்த எலெக்ட்ரான் மெஷின் எங்கள் டிரஸ்டுக்குத் தானமாக வந்தது. பழைய கோபால்ட் மெஷின் என்றால் நோயாளி இருபத்தைந்து நாள் வரவேண்டும், தினம் சில நிமிடம் படுக்கவேண்டும். புது மெஷினுக்கு இரண்டே வேளை போதும், ஒரு வேளைக்கான கதிர் முழுவதையும் கண் இமைக்கும் நேரத்தில் கொட்டிவிடும். டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கோபால்டில் ஏதாவது தப்பு நடந்தால் ஓடிப்போய் நிறுத்தலாம். இதில் தப்பு என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அந்த வருஷம்தான் கெங்கம்மாவின் கன்னத்தில் கட்டி வந்தது. புகையிலை அடக்கும் பக்கம். இருபத்தைந்து நாள் மார்க்கெட்டுக்குப் போகாவிட்டால் தன் இடத்தை இன்னொருத்தி பிடித்துவிடுவாள் என்று அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே வர மறுத்தாள். அப்போது தேசம்மா ஒரு காரியம் செய்தாள். ஆறு வருஷமாகப் பெரிய டாக்டரைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறவள், நேரே போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "என் தங்கச்சிய அந்தப் புது மெசின்ல வைம்மா. ரெண்டே நாள்ல முடிஞ்சிடும்னு சொல்லிக்கிறாங்களே. அவள மொதல்ல வைம்மா." டாக்டரம்மா மனம் இரங்கினார். திங்கட்கிழமை பத்து மணிக்குப் புது மெஷினில் முதல் நோயாளி கெங்கம்மா என்று முடிவானது.

அதற்குமுன் மெஷின் எவ்வளவு கதிரைக் கொட்டுகிறது என்று அளக்க வேண்டும். அதற்கு எங்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சேம்பர். கட்டைவிரல் அளவு குழல். கதிர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்றில் மின்துகள்கள் உண்டாகும், கருவி அவற்றைச் சேர்த்து எண்ணிக் காட்டும். அது என் பொறுப்பு. இன்னொன்று, பாட்டில். இரும்பு உப்புக் கரைசலைச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மெஷினுக்குக் கீழே வைப்போம். எவ்வளவு கதிர் பட்டதோ அந்த அளவுக்குக் கரைசல் மாறும். ஆனால் பாட்டிலில் அழுக்கு இருக்கக்கூடாது. விரல்நுனி எண்ணெய் ஒட்டினாலும் போதும், படாத கதிரைப் பட்டதாகக் காட்டும். அதனால்தான் தேசம்மா வேலைக்கு வந்த முதல் நாளே தலையில் துணிக் குல்லாய் மாட்டிவிட்டு, எண்ணெயைப் பற்றி நான் ஒரு பெரிய பிரசங்கமே செய்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அளந்தோம். சேம்பர் நூறு என்றால் பாட்டில் நூற்று முப்பத்துநாலு என்றது. இரண்டாவது பாட்டில் நூற்று முப்பத்துமூன்று. மூன்றாவது மறுபடியும் நூற்று முப்பத்துநாலு.

எங்கள் பிரிவின் தலைவர் கணேசமூர்த்தி சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சேம்பர் லண்டனில் சோதிக்கப்பட்டுச் சான்றிதழோடு வந்தது. பாட்டில் நொச்சிக்குப்பத்துக்காரி கழுவியது. நாங்கள் எதை நம்பியிருப்போம் என்று உங்களுக்கே தெரியும்.

"ஒருவேளை பாட்டில் சரியா இருந்தா?" என்று நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"இருந்தா, டாக்டர் சொன்னதைவிட மூணுல ஒரு பங்கு ஜாஸ்தி போகும். அந்தப் பொம்பளை கன்னம் வெந்து ஓட்டை விழுந்துடும்," என்றார் சார்.

பின்னால் தட்டோடு தேசம்மா நின்றுகொண்டிருந்தாள். தட்டில் இருந்த பாட்டில்கள் கிணுகிணுவென்று நடுங்கியபோதுதான் அவள் நிற்பதையே கவனித்தோம்.

சார் அவளைக் கூப்பிட்டார். "பயப்படாம உண்மையைச் சொல்லு. எண்ணெய்க் கையோட பாட்டிலைத் தொட்டியா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெஷின் அறையின் கனத்த கதவைப் பார்த்தாள். "ஆமா சார். தலைய சொறிஞ்சிக்கினே கழுவிட்டேன். எண்ணெ ஒட்டிக்கிச்சு போல கீது. மன்னிச்சுக்க சார்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று மத்தியானம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். நோட்டில் என் கையாலேயே எழுதினேன்: "பாட்டில்கள் அசுத்தம். கழுவியவர் தவறை ஒப்புக்கொண்டார். சேம்பர் அளவே சரி." சாருக்குக் கோபம் வந்தது, ஆனால் திட்டவில்லை. இனிமேல் ஜாக்கிரதையாக இரு என்று மட்டும் சொன்னார். என் தலையில் வழிந்துகொண்டிருந்த எண்ணெயைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையில் அப்பாவுக்கு உதவியாகத் தம்ளர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரே துணிதான், ஒரே கைதான். இருந்தும் ஒவ்வொரு தம்ளரிலும் அழுக்கு ஒவ்வொரு மாதிரி ஒட்டியிருந்தது. சட்டென்று கை நின்றுவிட்டது. மூன்று பாட்டிலிலும் எண்ணெய் எப்படி ஒரே அளவு ஒட்டும்? அவளே ஒத்துக்கொண்டாளே என்று சொல்லிக்கொண்டு அந்த நினைப்பை அமுக்கிவிட்டேன். பயந்தவள் தேசம்மா மட்டும் இல்லை.

திங்கட்கிழமை காலை பஸ் பிந்திவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பத்துக்கு ஐந்து நிமிடம். மெஷின் அறைக்கு வெளியே பெஞ்சில் தேசம்மா உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் வேலைக்கு வரவில்லை, நோயாளியின் அக்காவாக வந்திருந்தாள். அதனால் தலையில் குல்லாய் இல்லை. ஆறு வருஷத்தில் அவளுடைய தலைமுடியை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எண்ணெய் கண்டு எத்தனை நாளாயிற்றோ, தேங்காய் நார் மாதிரி வறண்டு பறந்துகொண்டிருந்தது.

எனக்கு முதலில் எங்கள் வீட்டுப் புத்திதான் வந்தது. "என்ன தேசம்மா, வீட்ல யாராவது தவறிட்டாங்களா?"

"ஐய, இன்னாம்மா காலைல வந்து இப்டி கேக்குற? அளவெடுக்குற வாரம் நான் தலைக்கு எண்ணெ தொடமாட்டேனே. நீதானே சொன்ன?"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ வெள்ளிக்கிழமை சொன்னது?"

அவள் என் கையைப் பிடித்தாள். "பாட்டிலு தப்புன்னா மெசினு சரின்னுதானேம்மா அர்த்தம்? என் கை தப்பாவே இருந்துட்டுப் போவட்டும், அவளுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு சொல்லிட்டேன். நான்தானே டாக்டரம்மா கால்ல வியுந்து அவள இட்டாந்தேன்?"

அவள் பொய் சொன்னது வேலை போகுமோ என்ற பயத்தில் இல்லை. குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் மெஷின் நல்லதாகிவிடும் என்று நம்பியிருக்கிறாள். எம்.எஸ்சி. படித்த நானும் அதையேதான் நம்பினேன். என்ன, நான் குற்றத்தை அவள் தலையில் போட்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கெங்கம்மா மேஜைமேல் படுத்திருந்தாள். கன்னத்துக்கு மட்டும் ஓட்டை விட்டு, முகத்தை ஈயத்தகட்டால் மூடியிருந்தார்கள். தகட்டுக்கு அடியிலிருந்தும் அவள் குரல் கணீரென்று வந்தது. "இன்னா சார், வறுக்கப்போறியா, கொழம்பு வைக்கப்போறியா? சட்டுனு பண்ணு, காத்தாலேர்ந்து டீ கூட குடிக்கல." ஆனால் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த அவள் கை வெளுத்திருந்தது. சார் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மெஷினின் சாவியோடு அடுத்த அறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், நிறுத்துங்க!" என்று கத்தினேன். அப்படி ஒரு சத்தம் என் தொண்டையிலிருந்து வரும் என்று எனக்கே தெரியாது. "தேசம்மா பொய் சொல்லியிருக்கா சார். பாட்டில் சுத்தம்."

சார் முகம் சிவந்தது. "பேஷண்டை மேஜைல படுக்க வெச்சுட்டு விளையாடறியா?"

"வெள்ளிக்கிழமை கழுவினதுல மூணு பாட்டில் மிச்சம் இருக்கு சார். அதைப் பழைய கோபால்ட்ல வெச்சுப் பாப்போம். அதோட அளவு நமக்கு நல்லாத் தெரியும். பாட்டில் அழுக்குன்னா அங்கயும் ஜாஸ்தி காட்டணும். ஒரு மணி நேரம் குடுங்க சார். ஒரே ஒரு மணி நேரம்."

அவர் வாசலில் நின்ற தேசம்மாவின் தலையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கோபால்ட் நிதானமான மெஷின். பாட்டிலுக்கு ஒரு நோயாளிக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு கதிர் வேண்டும், அது சேர முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த முக்கால் மணி நேரத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பாட்டில் சுத்தம் என்று தெரிந்தால் என் சேம்பர் பொய், நான் எழுதியதும் பொய். அழுக்கு என்று தெரிந்தால் பெரிய டாக்டரின் முன்னால் நான் பைத்தியக்காரி. எனக்கு இரண்டுக்குமே பயமாக இருந்தது. பக்கத்தில் தேசம்மா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். "முண்டகக்கண்ணியம்மா, என் கை அயுக்காவே இருக்கட்டும் தாயே. அயுக்காவே இருக்கட்டும்." தன் கை அழுக்காக இருக்கவேண்டும் என்று யாராவது வேண்டிக் கேட்டிருக்கிறீர்களா? நான் அன்றுதான் கேட்டேன்.

சேம்பர் நூறு. பாட்டில் நூற்று ஒன்று. மற்ற இரண்டும் நூறு, நூறு.

"உன் கை சுத்தம், தேசம்மா," என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாருக்கும் நாற்காலி தேவைப்பட்டது.

பிறகு யோசித்தபோது காரணம் புரிந்தது. மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் டிக்கெட் கலெக்டர் நிற்கிறார். ஆட்கள் ஒவ்வொருவராக வந்தால் எல்லோரையும் பிடித்துவிடுவார். ரயில் கூட்டம் மொத்தமும் ஒரே நொடியில் முண்டினால் முக்கால்வாசிப் பேரைத்தான் பிடிப்பார். என் சேம்பருக்கு நடந்தது அதுதான். கதிர் ஒரே நொடியில் கொட்டியபோது மின்துகள்கள் எண்ணிக்கைக்குள் வருமுன்பே ஒன்றோடொன்று சேர்ந்து மறைந்துவிட்டன. சேம்பர் பொய் சொல்லவில்லை, தன் கையில் அகப்பட்டதை மட்டும் சொன்னது. பாட்டிலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நோட்டில் நான் எழுதியதை அடித்துவிட்டு, "பாட்டில்கள் சுத்தம். சேம்பர் குறைத்துக் காட்டுகிறது" என்று எழுதினேன். தேசம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

கெங்கம்மாவை மேஜையிலிருந்து இறக்கி வராந்தாவில் உட்கார வைத்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள், அக்காவின் வறண்ட தலையைப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து எண்ணெய்ச் சீசாவை எடுத்தாள். "வா அக்கா, தலைய காட்டு. பாக்க சகிக்கல."

தேசம்மா தலையை இழுத்துக்கொண்டாள். "வேணாம்டி. நாளைக்கு உனக்குத் திருப்பி அளக்கணும்."

கெங்கம்மா பிழைத்தாள், அதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டில் சொன்ன கணக்கில் மெஷினைக் குறைத்து வைத்துத்தான் அவளுக்குச் சிகிச்சை நடந்தது. கன்னத்தில் ஒரு தழும்போடு மறுபடியும் சைதாப்பேட்டையில் கூவினாள். ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. மறுநாள் காலையில் எங்களில் யாருக்கும் எதுவும் நிச்சயமில்லை.

அன்று அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோது வேண்டாம் என்றேன். முந்தின இரவே சீயக்காய் போட்டு எண்ணெயெல்லாம் போகத் தேய்த்துக் குளித்திருந்தேன். அம்மா என் வறண்ட தலையைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"ஏட்டி, என்ன கோலம் இது? யாருக்கு என்னட்டி ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா," என்றேன். "ஆகாம இருக்கத்தான்."