கைகள் பெட்டிக்குள், மாப்பிள்ளை வெளியே

இன்று காலை கண்டியில் எங்கள் ஆய்வுகூடத்தில் மாப்பிள்ளை பார்க்கும் படலம்!

(நான் போனது நானோ துகள் செய்யப் பழக்குவதற்கு. சத்தியமாக.)

என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பிஎச்டி மாணவன் ரிஸ்வி, தெல்தோட்டைக்காரன்.

காற்றுப் புகாத ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் தோள்வரை நீளும் கறுப்பு ரப்பர் கையுறைகள் இரண்டு. வியர்க்காமலிருக்கப் பவுடர் போட்டு, கைகளை உள்ளே விட்டு, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நூறு சொட்டு. அவன் விட, நான் எண்ண வேண்டும்.

நடுவில் நிறுத்தினால் துகள்கள் எல்லாம் கட்டிபட்டுவிடும். பெட்டிக்கு வாயு தரும் சிலிண்டரும் இதுதான் கடைசி. அடுத்தது எப்போது வருமோ, யாருக்கும் தெரியாது!

அறுபதாவது சொட்டில் அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது.

"மிஸ், உம்மாதான். எடுக்காட்டி விட மாட்டாங்க. ஒருக்கா எடுத்துப் பிடிங்களேன்."

எடுத்தேன். வீடியோ கால்!

"மகன், பொண்ணுட வாப்பா பின்னேரம் கட்டார் போறாராம். இப்பவே ஒன்னப் பாக்கோணுமாம்!"

அடுத்த நொடி, அக்குறணையிலிருந்து ஒரு குடும்பமே திரையில்.

ரிஸ்வி ஸலாம் சொன்னான். கண் மட்டும் சொட்டிலேயே இருந்தது.

"இந்த மாப்பிள்ள ஏன் எங்களப் பாக்கிறாரில்ல?" இது பெண்ணின் மாமி.

"கை எங்க? ரெண்டும் ஈக்குதா?" இது வாப்பா.

நான் பதறிப்போய் நடுவில் புகுந்தேன். "கை இருக்குங்க! ரெண்டும் இருக்கு! பெட்டிக்குள்ள இருக்கு!"

(கேட்டுப் பாருங்கள். நானே பெண் கொடுக்க மாட்டேன்.)

காட்டினால் தீர்ந்தது என்று போனைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன்.

"யா அல்லாஹ்! கை கறுத்து வீங்கிக் கெடக்கு!" மாமி அலறினார்.

ரிஸ்வி கெஞ்சினான். "மிஸ், எனக்கு இந்தப் பொண்ணத்தான் புடிச்சீக்குது. கைய எடுத்துரட்டா?"

சம்பந்தமா, சிலிண்டரா? அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போது மாமிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். பெண்ணேதான்! (சயன்ஸ் டீச்சராம். திரையில் சொட்டு விழுவதைக் கவனித்திருக்கிறாள்.)

"மாமி, அது கையுறை. கைய எடுத்தா அவர்ட வேல கெட்டுப் பெய்த்திரும். எத்தின சொட்டு முடிஞ்ச?"

எண்ண வேண்டிய நான் எப்போதோ எண்ணிக்கையைத் தொலைத்திருந்தேன்.

"அறுவத்தெட்டு," என்றான் ரிஸ்வி.

"நீங்க விடுங்க. நான் எண்ணுறன்."

எண்ணினாள்! அவளோடு வாப்பாவும் எண்ணினார். கொஞ்ச நேரத்தில் மாமியும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சேர்ந்தார். தொண்ணூறில் ரிஸ்வியின் உம்மாவும்!

நூறு! ஒரு துகள்கூடக் கட்டிபடவில்லை.

கைகளை வெளியே எடுத்தான். முழங்கைவரை பவுடர்.

"இப்ப வெளுத்துப் பெய்த்து!" மாமி மறுபடியும் அலறினார்.

வாப்பா அசரவில்லை. "எங்களுக்குச் சம்மதம். நிக்காஹ்வுக்கு வரக்குள்ள ரெண்டு கையையும் கழுவிட்டு வரச் செல்லுங்க."

இப்போது என் சிக்கல் இதுதான். பயிற்சிப் படிவத்தில் 'சொட்டுகளை எண்ணியவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மணப்பெண் என்று எழுதட்டுமா? மாமியையும் சேர்க்க வேண்டுமா?